நீ வராத நாளில் நாம் போன ஏரி

கதிர், இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் படி. போனில் சொல்லிவிடலாம் என்று பலமுறை முயன்று பார்த்தேன். பாதி சொல்வதற்குள் "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிடுகிறாய். உன் குரலில் பயம் தெரிகிறது. அதைக் கேட்டதும் எனக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. கலெக்டர் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க ஊரார் மனுக்களுக்குப் பதில் எழுதியவள் நான். எதை முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் சொல்ல வேண்டியது இது: அன்றைக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்காமல் புனேயிலேயே இருந்துவிட்டாய். அதை நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அடுத்துச் சொல்ல வேண்டியது: அன்றைக்கு நான் தனியாகவும் போகவில்லை.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு வேங்கிக்கால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னுடன் வந்துவிட வேண்டும் என்கிறாய். நித்யாவும் போனில், "வந்துடுங்க அத்தை, எனக்கும் துணையா இருக்கும்" என்று அன்பாகத்தான் கேட்கிறாள். நீ சொன்னபடியே உன் சித்தப்பாவோடு வேலூர் போய்த் தலையைப் படம் எடுத்துக் காட்டினேன். வயதுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது, மறதி நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் நீ நம்பவில்லை. "தனியா இருந்து இருந்துதான் உனக்கு இப்படிலாம் தோணுது" என்றாய். இருக்கலாம். ஆனால் முழுசாகக் கேட்காமல் நீ ஒரு முடிவுக்கு வரக் கூடாது. கேட்டுவிட்டு எந்த முடிவுக்கு வந்தாலும் சரி.

நீயே ஆசையாகச் சொன்ன யோசனைதான் அது. "இந்தத் தடவ வந்தா பத்திரிகை வெக்கறது, சொந்தக்காரங்க வீடு, எதுவும் கிடையாதும்மா. ஒரு நாள் ஃபுல்லா நீயும் நானும் சும்மா சுத்தலாம். தோட்டம், ஏரின்னு எங்க தோணுதோ அங்க. அப்பா இட்டுனு போவாரே, அந்த மாதிரி" என்றாய். உன் அப்பா வருஷம் முழுக்க ஊராரை பஸ்ஸில் ஏற்றி ஓட்டிக்கொண்டே இருந்தவர். கோடையில் ஒரு நாள் மட்டும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று லீவு போட்டு, நம் இருவரையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போவார். அவர் போன பிறகு நமக்கு அந்த நாள் இல்லாமல் போயிருந்தது. நீ மறுபடி கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் நாள் ராத்திரியே புளியோதரைக்குப் புளி கரைத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன். அதற்கு முன்பே நீ அனுப்பியிருந்த மெசேஜை நான் பார்க்கவில்லை. போன் கைப்பையில், சத்தம் குறைத்தபடி கிடந்தது.

காலையில் கேட்டருகே "அம்மா, கிளம்பலாமா?" என்று குரல் கேட்டது. உன் குரல்தான். போய்த் திறந்தால், நீதான். எப்போதும் பெங்களூரில் வண்டி மாறி வருகிறவன் கண் சிவந்து, சட்டை கசங்கி, பசிக் கோபத்தோடு வந்து நிற்பாய். அன்று தலைக்குக் குளித்து, படிய வாரி, நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். "பை எங்கடா?" என்றேன். "வீட்லதாம்மா இருக்கு" என்றான். நான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து வைத்துவிட்டாய் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இனிமேல் அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன். அன்றைக்கு அவனை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது இருவரையும் ஒரே சொல்லால் எழுதினால் எனக்கே குழம்பிவிடும். பக்கத்து வீட்டு செல்வியின் நாய் உன்னைக் கண்டால் எப்படிக் குரைக்கும், தெரியுமல்லவா? அன்று அது வாசலில் படுத்தபடியே வாலை ஆட்டியது. தினமும் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல.

முதலில் ஆபீஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். கத்திரி வெயில் ஏறுவதற்கு முன்னால் அங்கே கொஞ்சம் காற்று வரும். வேலையில் இருந்த நாட்களில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நான் உட்காரும் சிமெண்ட் பெஞ்சைக் காட்டினேன். அவன் அதில் உட்கார்ந்து, "யார் யாரோட உட்காருவ? என்ன பேசுவீங்க?" என்று கேட்டான். நான் சொன்னேன். "அப்புறம்?" என்றான். அதையும் சொன்னேன். உன்னிடம்கூட இதையெல்லாம் சொன்னதில்லை, கதிர். நீ கேட்டதும் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, நானும் என் அம்மாவிடம் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நித்யா ஆபீஸ் கதை ஏதாவது பேச ஆரம்பித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள். ஒரு மனுஷன் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு "அப்புறம்?" என்று கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை இந்த வயதில், அதுவும் அவனிடம்தான், நான் தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டுக்கு வந்து, ஆசிரமத்துத் தோட்டத்துக்குள் போனோம். வெள்ளைக்காரர்கள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டதால் கூட்டம் இல்லை. மயில்கள் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் கல் மேடையில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கத்துவதை நிறுத்தின. ஒரு பெட்டை மயில் இலைச் சருகின் மேல் மெல்ல நடந்து வந்து, கழுத்தை நீட்டி, அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் கை நீட்டவில்லை, விரட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அது எங்களுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனது. மயில் அப்படிப் பின்பக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை. "என்னடா இது?" என்றேன். "புதுசா பார்க்குதும்மா" என்று சிரித்தான். சிரிப்பு உன்னுடையதுதான். இடது பக்கத்துப் பல் தெரிகிற அதே சிரிப்பு.

அங்கேதான் மாமரத்தைப் பற்றிச் சொன்னான். தோட்டத்து மாமரத்தில் காய் கம்மியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "நம்ம பின்னாடி மரம் இந்த வருஷம் ஜாஸ்தி காய்ச்சிருக்கு இல்ல? ஒரு கிளையே தாங்கல, முட்டு கொடுத்து வெச்சிருக்கேன்" என்றான். நம் வீட்டுப் பின்பக்கத்து மாமரம் உனக்கு நினைவிருக்கும். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நீ அதிலிருந்து விழுந்து புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. மறுநாளே அப்பா ஆள் கூட்டி வந்து மரத்தை அடியோடு வெட்டிப் போட்டார். "பழம் தின்னாத வாய் செத்தா போயிடும்?" என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் இப்போது வாஷிங் மெஷின் நிற்கிறது. ஏதோ விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்து, "ஆமாமா, ரொம்ப காய்ச்சிருக்கு" என்று நானும் சொல்லி வைத்தேன்.

மதியம் கையில் இருந்த புளியோதரையோடு, பக்கத்து மெஸ்ஸில் தயிர் சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும் வாங்கிச் சாப்பிட்டோம். கத்திரிக்காய் என்றாலே நீ தட்டைத் தள்ளிவிடுவாய். அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "எப்போலேர்ந்துடா இது?" என்றதற்கு "எப்பவும் சாப்பிடறதுதானேம்மா" என்றான். கல்யாண மண்டபம் பற்றி நான் ஒன்று சொன்னேன், சரி என்றான். வேண்டுமென்றே அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொன்னேன்; அதற்கும் சரி என்றான். நீயாக இருந்தால் அந்நேரத்துக்கு மூன்று சண்டை போட்டிருப்பாய். அப்போதே புரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பாய். கொஞ்சம் புரிந்தது. அப்புறமும் போனேன். வெகு நாளைக்கப்புறம் ஒருத்தன் என் கூடவே, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தான். அதைப் பாதியில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் சமுத்திரம் ஏரிக்குப் போனோம். கரையேறும் இடத்தில் புங்கமரத்தின் கீழ் ஒரு அம்மா நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் "பையனாம்மா? உன்ன அப்டியே உரிச்சு வெச்சாப்ல கீறாரு" என்றாள். அவன் நுங்கை வாங்கிக் கட்டை விரலால் நோண்டிச் சாப்பிட்டான். அந்த அம்மா அவனுக்கு இன்னொன்று சும்மாவே கொடுத்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவனைப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதற்காக. நம்ப மாட்டாய் என்றால் நீயே வந்து அவளைக் கேட்டுக்கொள். ஆள் அங்கேயேதான் இருக்கிறாள்.

ஏரி கோடையில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, நடுவில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீருக்குள் மலை தலைகீழாகக் கிடந்தது. காற்றே இல்லை. கொக்கு நாரை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவை இல்லாமல் இருக்காது. மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. செருப்பு மிதக்குமா, மிதக்காதா என்று பார்க்க நீ அப்பாவின் ஒரு செருப்பைத் தூக்கி ஏரியில் எறிந்தாயே, அது. சுடுகிற கரை மேல் அப்பா ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி நடந்து, சிரிப்பு தாங்காமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாரே, அது. அதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்து, "நான் அப்படிப் பண்ணலையேம்மா. அப்பா செருப்ப நான் எறிவேனா?" என்றான். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாதவன் கேட்கிற மாதிரி.

பிறகு எழுந்து போய்த் தண்ணீர் ஓரத்தில் குனிந்து முகம் கழுவினான். அவன் கையை விட்டுக் கலக்கியும் தண்ணீருக்குள் கிடந்த மலை அசையவில்லை. துண்டு கேட்டு என் பக்கமாக நிமிர்ந்தான். ஈர முகத்தில் சாய்வெயில் நேராக விழுந்தது. அவனுடைய புருவம் முழுசாக இருந்தது. தையல் போட்ட அந்தத் தழும்பு இல்லை. முடி விட்டுப்போன அந்தக் கோடு இல்லை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான். எந்தப் புருவம், எவ்வளவு நீளம் என்று என் விரலுக்குத் தெரியும். விழவே இல்லாத பையனின் முகம் அது. முந்தானையைத்தான் நீட்டினேன். துடைத்துக்கொண்டான். துணி நிஜமாகவே ஈரமானது.

"போலாமாம்மா? அப்பா இந்நேரம் டீ கேட்டுட்டு இருப்பாரு" என்றான்.

"எந்த அப்பாடா?" என்றேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"எனக்கு எத்தினி அப்பா? என்னம்மா, வெயில்ல தலை சுத்துதா?" என்று என் கையைப் பிடித்தான். "அப்பாதான், காலைலயே சொல்லி அனுப்பினாரு, அம்மாவ ரொம்ப நேரம் வெயில்ல சுத்த வெக்காதடான்னு. அவரும் வரேன்னாரு. இடது கால் இழுக்குது, எப்படி நடப்பாரு?" சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஞாபகப்படுத்துவது போலச் சொன்னான்: "அன்னிக்கு பாத்ரூம்ல விழுந்தப்ப நான் வீட்ல இருந்ததால ஆச்சு. வண்டில முன்னாடி உட்கார வெச்சு, துண்டால என்னோட சேர்த்துக் கட்டி, கூட்டத்துக்குள்ள பூந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்ளோதான்னு டாக்டர் சொல்லல?"

கதிர், அந்த விடியற்காலையைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துக் கிடந்தது. என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. செல்வியும் நானும் கத்திக்கொண்டே இருந்தோம். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நீ மறுநாள் வந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். அழவில்லை. அன்றிலிருந்து அப்பா என்ற சொல்லை நீ வாய்விட்டுச் சொன்ன நாட்களை என்னால் எண்ணிவிட முடியும். நீ ஊரில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "அப்படிலாம் இல்லடா, விதி" என்று நான் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. நீ இருந்திருந்தால் பிழைத்திருப்பார். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நீ கேட்க வேண்டும்.

அவன் அக்கரையைக் காட்டினான். பனைமரங்களுக்குப் பின்னால் ஒரு மாமரத்தின் தலை தெரிந்தது. அங்கே வீடு எதுவும் கிடையாது, எல்லாம் கருவேலங்காடு. ஆனாலும் தெரிந்தது. கிளை ஒன்று கனத்தில் தாழ்ந்திருந்தது. அதன் கீழே நாற்காலி போல ஒன்று. அதில் வெள்ளையாக ஏதோ. பனியன் போட்ட ஆளாக இருக்கலாம். கொடியில் காய்கிற துணியாகவும் இருக்கலாம். என் கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டியது. "வாம்மா, இப்படி ஏரிக்குள்ளயே குறுக்க போயிடலாம்" என்றான். நான் எழுந்தேன். மதகை விட்டு இறங்கினேன். வெடித்த களிமண் மேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்பதை உனக்கு எழுதத்தான் வேண்டும். பயந்து ஓடிவந்தேன் என்று எழுதினால் அது பொய். போய் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. மண் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆகிக்கொண்டே வந்தது. கால் புதைய ஆரம்பித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அப்போதுதான் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் உன் பெயர். உன் போட்டோ. எதிரே நின்றவனையும் கையில் இருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தேன். எடுத்துக் காதில் வைத்தேன்.

"எங்கம்மா போய்த் தொலைஞ்ச? நேத்துலேர்ந்து எத்தினி வாட்டி அடிக்கறேன்! மெசேஜாவது பாக்கறியா? லீவு கேன்சல் பண்ணிட்டானுங்கம்மா, நான் கிளம்பவே இல்ல. நீ பாட்டுக்குச் சமைச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருப்பியேன்னு இங்க எனக்கு வேலையே ஓடல" என்று கத்தினாய். தொண்டை கட்டியிருந்தது. பின்னால் யாரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று தோன்றியது.

எதிரே நின்றவன் பொறுமையாகக் காத்திருந்தான். "யாரும்மா போன்ல?" என்றான்.

என் ஒரு கை அவன் கையில் இருந்தது. சூடான கைதான். நான் ஒரு முறை அக்கரையைப் பார்த்தேன். அந்த வெள்ளை இன்னும் அங்கேயே இருந்தது. பிறகு சொன்னேன்: "என் பையன்."

அவன் முகம் மாறவில்லை. கோபப்படவில்லை. மெல்ல என் கையை விட்டான். "சரிம்மா. இருட்டறதுக்குள்ள கரையேறிடு. நீ வர லேட்டாகும்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றான். திரும்பி, அக்கரைப் பக்கமாக நடந்தான். மளிகைக் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி, சாவகாசமாக. நீ போனில் "அம்மா, யார் கூடப் பேசற? எங்க இருக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். "ஏரில இருக்கேன்" என்றேன். "யார் கூட?" என்றாய். "உன் கூடன்னுதான் நினைச்சேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் உன்னை இவ்வளவு பயமுறுத்திவிட்டது. என்னால் வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை, கதிர். முழங்கால் வரை சேறு. நுங்கு விற்கிற அம்மாதான் ஓடிவந்து என்னைக் கரைக்கு இழுத்தாள். "உள்ள பூரா சேறும்மா, மாடே முழுகிப் போயிருக்குது, உனக்கு இன்னா பித்தா?" என்று திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "பையன் எங்க?" என்று கேட்டாள்.

இதைப் படிக்கும்போது உனக்கு அவன் மேல் பயம் வரும், அல்லது என் மேல் இரக்கம் வரும். இரண்டும் வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. அப்பா பிழைத்திருக்கிற வீடு ஒன்று அங்கே இருந்தது, அதற்குப் போக எனக்கு வழியும் துணையும் இருந்தன. நான் அதற்குப் போகவில்லை. நீ நல்லவன், அவன் கெட்டவன் என்பதால் இல்லை. அவனிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நாள் முழுக்க என்னைப் பூ மாதிரி பார்த்துக்கொண்டான். ஆனால் போனில் கத்தியது என் பிள்ளை. அவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அப்பா விஷயத்தில் இனிமேல் ராத்திரியில் உட்கார்ந்து உன்னை நீயே நோகடித்துக்கொள்ளாதே. யார் என்ன கணக்குப் போட்டாலும், நான் போட்ட கணக்கில் நீ ஜெயித்துவிட்டாய். நித்யாவிடமும் இதைச் சொல். உன் மனசில் இப்படி ஒரு புண் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெண் உன்னோடு குடித்தனம் செய்யக் கூடாது. உன் அப்பா எதையும் என்னிடம் சொல்லாமல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டார். அவர் மௌனமாக இருந்தபோதெல்லாம் என் மேல்தான் கோபம் என்று நினைத்து நான் பல வருஷங்களை வீணாக்கினேன்.

புனேவுக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்ததும் வருகிறேன், நித்யா விரட்டுகிற வரை இருக்கிறேன். வீட்டை விற்காமல் பூட்டி வைத்தால் போதும். இதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன வாரம் உழவர் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நுங்குக் காலம் முடிந்து இப்போது நாவல் பழம் விற்கிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னாம்மா, அப்புறம் நீ ஏரிப்பக்கமே வரல? உன் பையன் டெய்லி சாயங்காலம் வந்து மதகாண்ட குந்தினு கீறாரு. எங்கம்மா வந்தாங்களான்னு என்னியக் கேக்கறாரு" என்றாள். நான் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பழத்தை அளந்துகொண்டே சொன்னாள்: "முந்தாநேத்து ஒரு பெரியவரையும் கைத்தாங்கலா இட்டுனு வந்தாரு. உங்க ஊட்டுக்காரராம்மா அது? பாவம், இடது காலு இழுக்குது. அவரு ஒண்ணும் பேசல. தண்ணியப் பாத்துனே குந்தினு இருந்தாரு. இருட்டினதும் ரெண்டு பேரும் ஏரிக்குள்ளயே நடந்து போயிட்டாங்க."

அன்றிலிருந்து எனக்குச் சாயங்காலம் வந்தால் வீட்டில் கால் நிற்கவில்லை. இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போய்விட்டேன். செல்வி பார்த்துவிட்டு, "எங்க அக்கா இந்நேரத்துல?" என்று கேட்டதால் திரும்பி வந்தேன். அவர்களிடம் எனக்குப் பயம் இல்லை. என்னிடம்தான் பயம். தனியாகப் போனால் இந்தத் தடவை கரையேறுவேனா என்று என்னால் சொல்ல முடியாது. போகாமலே ஊரை விட்டு வந்துவிடலாம்தான். ஆனால் கால் இழுக்கிற மனுஷனை அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவந்து, தினமும் காத்திருந்து, திரும்பிப் போகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி வருவது?

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, கதிர். பத்திரிகை வைக்க வேண்டாம், சொந்தக்காரர் வீடு வேண்டாம். பூங்கா, தோட்டம், மெஸ் எல்லாம் போவோம். நீ கத்திரிக்காயைத் தள்ளிவிடு, மண்டபத்துக்கு என்னோடு சண்டை போடு. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குப் போவோம். மதகில் இறங்காமல், மேலே கரையிலேயே நிற்போம். நீ என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நான் வரவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துணைக்கு என்றுதான் கூப்பிடுகிறேன். அது மட்டும் இல்லை. அப்பா விழுந்த அன்றைக்கு நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. உனக்கும் ஒருமுறை அப்பாவைப் பார்த்தது போல இருக்கும்.